சொந்த வீட்டுக்கே பில்லா?

கே: என் மகன் சோழிங்கநல்லூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறான். மாதக் கடைசியில் அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கே பில் போடுவார்களாம். சொந்த வீட்டுக்கே பில்லா? - ஒரு வாசகி, பெரம்பூர்

ப: சரியாகத்தான் கேட்டீர்கள் அம்மா. 22 வருடம் நானும் அந்த பில்லைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன், அண்ணா சாலையில் ஓர் ஐந்தாவது மாடியில், பாதி நாள் லிஃப்ட் ஓடாது.

மகன் வேலை பார்ப்பது பெரும்பாலும் இங்கே பதிவான தனி கம்பெனியாக இருக்கும். சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து 100 ரூபாய் செலவானால், லாபம் வைத்து 115 என்று பில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15-க்குத்தான் இங்கே வரி. லாபமே வைக்காவிட்டால் பணம் வரி குறைந்த நாட்டுக்கு நழுவிவிடும். அதனால்தான், முன்பின் தெரியாதவரிடம் என்ன வாங்குவோமோ அதையே தாய் நிறுவனத்திடமும் வாங்க வேண்டும் என்று 2001-ல் விரிவான சட்டப் பிரிவுகள் வந்தன.

15 ஏன், 25 ஏன் இல்லை? வருமான வரித் துறையோடு சண்டையே அங்கேதான். ஒரு வருடம், சொந்த மென்பொருள் விற்கும் கம்பெனியின் லாபத்தோடு எங்கள் லாபத்தை ஒப்பிட்டுவிட்டார்கள். நாங்களோ தாய் நிறுவனத்துக்குக் கூலிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள். அதைப் புரியவைக்க நான்கு வருடம், இரண்டு பீரோ நிறைய காகிதம்.