குல்மார்க்குக்கு ஆறு தோழிகள்

(திருச்சியில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, 54 வயதில் முதல்முறையாக ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிய நம் பயண அக்கா பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாங்கள் ஆறு தோழிகள், எல்லோரும் 45 வயதுக்கு மேல். வீட்டு ஆண்கள் இல்லாமல் பிப்ரவரியில் காஷ்மீர் போகிறோம். ஏஜென்ட் போட்டுக் கொடுத்த ஆறு நாள் திட்டத்தில் ஸ்ரீநகர், பகல்காம், சோன்மார்க், குல்மார்க் எல்லாம் இருக்கிறது. பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள குல்மார்க்கில் ஒரு நாள் போதுமா? – வாசகி, கும்பகோணம்

போதாது தங்கச்சி. ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர் வந்து, மலையடிவார ஊரான தங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி போட்ட வண்டிக்கு மாறி, மேலே போய் வாடகை பூட்ஸைக் காலில் ஏற்றும்போதே மணி பதினொன்று ஆகிவிடும். நாலு முறை விழுவீர்கள். அப்புறம் ஸ்லெட்ஜில் உட்காரவைத்து ஒருவர் இழுப்பார், போட்டோ எடுப்பீர்கள், இறங்கிவிடுவீர்கள். அதற்குப் பெயர் பனிச்சறுக்கு இல்லை.

பகல்காமையும் சோன்மார்க்கையும் இந்தமுறை விட்டுவிடுங்கள். குல்மார்க்கிலேயே நாலு இரவு, கடைசியில் ஸ்ரீநகரில் ஒரு இரவு. ‘குல்மார்க்கிலேயே’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல்முறை எங்களுக்கு ஒரு ஏஜென்ட் பதிவு செய்து கொடுத்த ‘குல்மார்க் ஹோட்டல்’ 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் இருந்தது! தினமும் காலையில் சங்கிலி வண்டிக்காகக் காத்து நின்றே வெயில் ஏறிவிட்டது. ஹோட்டல் முகவரியை வாங்கி மேப்பில் நீங்களே பாருங்கள்.

பிப்ரவரி நல்ல தேர்வு. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் அங்கே பனியே இல்லாமல் காய்ந்த புல்லாகக் கிடந்தது, மாசக் கடைசியில்தான் விழ ஆரம்பித்தது. குல்மார்க் மைதானம் சுமார் 2,650 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சி. அதனால் போன அன்றைக்கு ஓடியாடாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். மறுநாளிலிருந்து காலையில் மூன்று மணி நேரம் மட்டும், ஆரம்பநிலைச் சரிவில், மூன்று பேருக்கு ஒரு பயிற்சியாளர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. கூடுதல் நாள் இருந்தால் அவர்களுடைய வகுப்புகளை விசாரியுங்கள்.

இரண்டு நாள் சறுக்கினால் மூன்றாம் நாள் தொடை கல்லாகிவிடும். அன்று ஸ்கீயைத் தொடாதீர்கள். 1902-ல் கட்டிய செயின்ட் மேரீஸ் தேவாலயம் வரை பனியில் மெல்ல நடங்கள். மத்தியானம் புகாரி என்கிற விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுங்கள். எங்கள் விடுதிக்காரம்மா ஆளுக்கொரு கங்ரி கொடுத்தார்: பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் தணல். அதை ஃபெரன் அங்கிக்குள் வைத்து அணைத்துக்கொள்ள வேண்டும். கும்முட்டி அடுப்பைப் புடவைக்குள் வைத்துக்கொள்வதாவது என்று நான் பதறினேன். பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

மலை மேலே போகிற கேபிள் கார், கோண்டோலா, இரண்டு கட்டம். முதல் கட்டம் கொங்தூரி வரை, அது போதும். இரண்டாவது 3,900 மீட்டருக்கு மேலே போகும். காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து சறுக்கி இறங்குவது பழகியவர்கள் வேலை. 2024 பிப்ரவரியில் பனிச்சரிவில் சிக்கி ஒரு வெளிநாட்டுச் சறுக்குக்காரர் இறந்தார். வேடிக்கை பார்க்க ஏறினாலும் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள்.

ஆண் துணை இல்லாததால் எனக்கு அங்கே எந்தத் தொல்லையும் வந்ததில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் பகல்காமில் சுற்றுலாப் பயணிகள் மேல் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, கிளம்பும் வாரம்வரை அரசு அறிவிப்புகளைப் பாருங்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற டிக்கெட்டாக எடுங்கள். அப்புறம், வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. ஆறு பேரில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டாக இருக்க வேண்டும்.

கேள்வி: வயது 57. விழுந்து முட்டி போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். முயற்சி செய்யலாமா? – வாசகி, நாகர்கோவில்

முட்டியில் ஏற்கெனவே அறுவை சிகிச்சையோ ஜவ்வுக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்: நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், தினம் முப்பது தடவை.

பூட்ஸ் மாவுக்கட்டு போட்டதுபோல் விறைப்பாக இருக்கும். உள்ளே மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும், சாய்ந்தால் ஸ்கீ நம் பேச்சைக் கேட்காமல் ஓடும். “குட்னா ஆகே, முட்டி முன்னாலே” என்று என் பயிற்சியாளர் தொண்டை கட்டுகிறவரை கத்தினார். நிற்க வேண்டுமா? முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, கூரை முகடு மாதிரி வையுங்கள். விழுந்தால் பக்கவாட்டில் விழுங்கள். எழும்போது இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து இருந்தால் எழ எழ வழுக்கும்.

இன்னொன்று. பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது கழன்று காலைக் காப்பாற்றும். அதன் இறுக்கத்தை எடை, உயரம், வயது எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்கள். வாடகைக் கடையில் தோழிகள் முன்னால் 68 கிலோவை 60 என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீ கழன்று அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைசியில் எல்லோர் முன்னாலும் சத்தமாக 68 என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடப்போமா? – வாசகி, சேலம்

மாட்டீர்கள். ஹாக் என்கிற கீரை, தயிர்க் குழம்பில் தாமரைத்தண்டு போட்ட நத்ரு யக்னி, ராஜ்மா எல்லாம் சோற்றோடு கிடைக்கும். கறிச்சாறு சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அசைவத் தோழிகளுக்கு ஸ்ரீநகரில் வாஸ்வான் விருந்து. ஒரே செம்புத்தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காலையில் நூன் சாய் வரும், அழகான ரோஸ் நிறத்தில். ரோஸ்மில்க் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்துவிடாதீர்கள், அது உப்பு டீ.