காதலித்தவருக்குக் கொடுத்த 8,40,000 ரூபாய் திரும்ப வருமா?

கேள்வி: மேட்ரிமோனி தளத்தில் அறிமுகமானவரை இரண்டரை ஆண்டுகள் காதலித்தேன். 2023 மார்ச் 11 தொடங்கி 14 தடவையாக 8,40,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஜிபே, வங்கி வழியாகத்தான். அந்த விவரங்களையும் வாட்ஸ்அப் சாட்டையும் இணைத்திருக்கிறேன். அவர் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் என்று 2023 அக்டோபரில் 3,00,000 வாங்கினார். அப்படி ஓர் ஆபரேஷனே நடக்கவில்லை. மீதி தொழிலுக்கும் பைக்குக்கும் போனது. என் 5 பவுன் சங்கிலி வங்கியில் என் பெயரில் அடகில் இருக்கிறது. அவருக்கு இப்போது வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. ஆறு மாதம் முன்பு போலீஸில் மனு கொடுத்தேன். கையில் இருப்பது மனு ரசீது மட்டும்தான். பெரியவர் ஒருவரை விட்டு 4,00,000 தருவதாகச் சொல்கிறார். அவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? திருமண ஆசை காட்டி உறவு கொண்ட பிரிவையும் சேர் என்கிறார் சித்தப்பா. அப்படி எதுவும் நடக்கவில்லை. (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஆபரேஷன் பற்றிய அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். கல்யாணம் செய்வதாகச் சொன்னவர் பிறகு மனம் மாறினால் அது மோசடிக் குற்றம் ஆகாது. பணம் கேட்ட அந்த நேரத்திலேயே பொய் சொல்லியிருந்தால்தான் மோசடி. நடக்காத ஆபரேஷனைச் சொல்லி வாங்கிய 3,00,000 அதில் வரும். புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்ததால் அதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவுதான் பொருந்தும். மீதி 5,40,000 சிவில் சமாச்சாரம்.

சித்தப்பா சொல்வதைச் செய்யாதீர்கள். நடக்காத ஒன்றைப் புகாரில் சேர்த்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் உடைப்பார். அப்புறம் உங்கள் ஆபரேஷன் ஆதாரத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது உங்களுக்கு உண்மையிலேயே ஆபத்தாக இருப்பது வேறு. போலீஸ் மனு ஓடிக்கொண்டிருக்கிறது என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போடுகிறீர்கள். சிவில் வழக்குப் போடுவதற்கான காலவரையறையை மனு ரசீது ஒரு நாள்கூட நிறுத்தாது. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. 14 தடவை அனுப்பினீர்கள் என்றால் 14 தனித்தனிக் கெடு. முதலில் போன 1,50,000-க்கு 2026 மார்ச் 11 தாண்டினால் கேட்கும் உரிமையே போய்விடும். ஒவ்வொரு மாதமும் அடுத்தடுத்த தொகை கழன்றுகொண்டே போகும். ‘மோசடி தெரிந்த நாளிலிருந்து கணக்கு’ என்ற வாதம் உண்டு. ஆனால் அது ஆபரேஷன் பணத்துக்குத்தான் பிடிபடும். மீதிக்கு அதை நம்பி உட்காராதீர்கள். கெடு முடியுமுன் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாள் கிடைத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். “ஸாரிமா, கண்டிப்பா தர்றேன்” என்ற வாட்ஸ்அப் நல்ல சாட்சிதான், ஆனால் கையெழுத்துக்கு அது ஈடாகுமா என்று சண்டை வரும்.

அடுத்தது, கடனா அன்பளிப்பா என்ற கேள்வி. ஜிபேயில் பணத்தோடு நீங்கள் போட்ட குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பைக்குக்கு அனுப்பிய 1,10,000-க்கு ‘பிறந்தநாள் வாழ்த்து’ என்று போட்டு ஒரு இதயமும் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். “நம்ம பணம்தானே, திருப்பியெல்லாம் தர வேண்டாம்” என்று வேறு எங்காவது எழுதியிருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழித்துப் பயனில்லை, அதே சாட் அவர் போனிலும் இருக்கிறது. அழித்தது தெரிந்தால் நீங்கள்தான் மறைத்தவர் ஆவீர்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழ் கூடவே வேண்டும். அதில் உங்கள் பகுதி, நிபுணர் பகுதி என இரண்டும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

பேஸ்புக்கில் படத்தோடு ‘மோசடிப் பேர்வழி’ என்று போடுவதும், பெண் வீட்டாருக்குப் போட்டோ அனுப்புவேன் என்று பணம் கேட்பதும் வேண்டவே வேண்டாம். முதலாவது அவதூறு, இரண்டாவது மிரட்டிப் பணம் பறித்தல். பணத்தைப் பறிகொடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது இப்படித்தான்.

இனி சமரசம். என் கருத்தில் நீங்கள் சமரசத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் வழக்கைப் போட்டுவிட்டு. மார்ச் 11-க்கு முன் பைக் பணத்தைக் கழித்து 7,30,000-க்கு வழக்குப் போடுங்கள். கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 21,900 ரூபாய். வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அதுவும் திரும்ப வரும். பிறகு பெரியவரைக் கூப்பிட்டு 6,00,000-க்குப் பேசுங்கள். 8,40,000-இல் ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்று நின்றால் தீர்ப்புக்குச் சில ஆண்டு, அதன்பின் தீர்ப்புப் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு, அவர் பெயரில் சொத்தே இல்லை என்ற பதில், இப்படி இழுக்கும்.

ஸ்டேஷனில் உட்கார்ந்து ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இனி வரப்போகும் தேதி போட்ட செக்கோடு வீடு திரும்பாதீர்கள். செக் திரும்பினால் 30 நாளில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்தில் புகார் என்று இன்னொரு வழக்குதான் மிச்சம். ஒரே தவணையில் ஆர்டிஜிஎஸ் வங்கிப் பரிமாற்றம், கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து. தவணையாகத்தான் தருவார் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் அதை அவார்டாகப் பதிவு செய்யுங்கள். ‘ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த அவார்டுக்குத் தீர்ப்பாணையின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் ‘வாபஸ்’ என்று எழுதிக் கொடுப்பதில் எதுவும் முடியாது. 420-ஐ நீதிமன்ற அனுமதியோடுதான் சமரசம் செய்ய முடியும். அதற்கு அவருக்கு உங்கள் கையெழுத்து தேவை. அதை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.

சங்கிலிக்கு வங்கியின் கணக்கில் நீங்கள்தான் கடன்காரர். அவர் தருவார் என்று காத்திருந்தால் ஏல நோட்டீஸ்தான் வரும். இந்த மாதமே வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள்.