இரைச்சலுக்கு அடியில் ஓடும் மெட்டு: நாய்ஸ் பாப் கேள்வி பதில்

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, யூடியூபில் தானாக ஓடிய ஒரு பாட்டில் ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழு அறிமுகமானது. முதலில் ஹெட்போன் போய்விட்டது என்றே நினைத்தேன். இப்போது விட முடியவில்லை. எது இப்படிப் பிடித்து இழுக்கிறது?

மெட்டுதான் தம்பி. இனிய பாப் மெட்டின் மேல் கிடார் இரைச்சலை ஏற்றும் இந்த இசைக்கு நாய்ஸ் பாப் என்று பெயர். ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடு ஊர்க்காரர்களான வில்லியம் ரீட், ஜிம் ரீட் என்ற அண்ணன் தம்பியின் குழு அது. முதல் ஆல்பம் ‘சைக்கோகேண்டி’ 1985-இல் வந்தது. அதன் முதல் பாட்டு ‘ஜஸ்ட் லைக் ஹனி’. தொடக்கத்தில் வரும் டிரம் அடி, 1963-இல் ரோனெட்ஸ் பெண்கள் பாடிய ‘பி மை பேபி’யில் வருவது. அறுபதுகளின் காதல் பாட்டு அடியில் இருக்கிறது, அதன் மேல் கிடார் கதறுகிறது. டிரம் வாசித்த பாபி கில்லெஸ்பி நின்றுகொண்டு இரண்டே டிரம்களைத்தான் அடிப்பார். தாளம் அவ்வளவு எளிமை என்பதால்தான் அத்தனை இரைச்சலிலும் மெட்டு மூழ்கவில்லை. கிடாரை விட்டுவிட்டு வாயால் முணுமுணுத்துப் பாருங்கள், பாட்டு அப்படியே நிற்கும். அப்படி நிற்காத பாட்டை நான் நல்ல நாய்ஸ் பாப் என்று சொல்ல மாட்டேன்.

பள்ளத்தூர், மைக் செட் வைத்திருப்பவர்: திருவிழாவில் மைக் ஊளையிட்டால் ஊரே எங்களைத் திட்டுகிறது. அதைப் போய் ரசிக்கிறீர்களா?

இரண்டும் ஒரே விஷயம்தான் அண்ணே. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றுகிறது. கிடாரில் ஆம்ப்ளிஃபயரின் சத்தம் தந்தியை அதிர வைக்கும், தந்திக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற உணர்கருவி அந்த அதிர்வைத் திரும்ப அனுப்பும். ஆனால் தந்தி தன் சுருதியிலும் அதோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களிலும்தான் பாடும். அதனால் வாசிப்பவர் ஓரடி தள்ளி நின்றோ, உடம்பைத் திருப்பியோ எந்தச் சுரம் ஊளையிட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கூடவே காலால் மிதித்து இயக்கும் ஃபஸ் பெடல் என்ற கருவி ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் புதிய மேற்சுரங்கள் முளைக்கும், அந்தக் கரகரப்பு அங்கிருந்து வருகிறது. தொழில் தெரிந்த நீங்கள் இதை எங்களைவிட நன்றாக ரசிப்பீர்கள்.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: பேரன் முற்றத்து வளவில் ஸ்பீக்கரை வைத்து இதைப் போடுகிறான். வீடே அதிர்கிறது.

வளவு இதற்குச் சரிப்படாது ஆச்சி. ஆத்தங்குடிக் கல் தரையும், முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். எதிரொலி ஏற்கெனவே நிறைந்த இசை இது, எல்லாம் குழம்பிவிடும். ஜமக்காளம் விரித்து, துணிமணி நிறைந்த உள் அறைக்கு மாறச் சொல்லுங்கள். ஒரு நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

குன்றக்குடி: பாடகர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லையே?

குரலை வேண்டுமென்றே கிடாருக்கு அடியில் வைத்துப் பதிவு செய்கிறார்கள். நாதஸ்வரம் கேட்கும்போது நாம் சாகித்தியத்தைத் தேடுவதில்லையே, அதுபோலக் கேளுங்கள்.

காரைக்குடி: காது கெடாதா?

சத்தமாக வைத்தால் எந்த இசையிலும் கெடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலை இடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இந்த இரைச்சல் பதிவிலேயே இருப்பதால் வால்யூமைக் குறைத்தாலும் ருசி போகாது. காதில் கூவல் கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

புதுவயல்: அடுத்து யாரைக் கேட்கலாம்?

கனடாவின் ஆல்வேஸ் குழு. 2022-இல் வந்த ‘ப்ளூ ரெவ்’ ஆல்பத்தில் மாலி ராங்கினின் குரல் தெளிவாக இருக்கும், புதிதாக வருபவர்களுக்கு நல்ல வாசல். ஆட்டம் வேண்டுமென்றால் ஸ்லே பெல்ஸின் ‘ட்ரீட்ஸ்’, 2010. மை பிளடி வேலன்டைனின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். 1991-இல் வந்தது. அந்தக் குழுவின் கிடார்க்காரர் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ட்ரெமலோ கம்பியைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவதால் சுருதியே ஊஞ்சலாடும். மற்ற இரண்டும் காதுக்குப் பழகிய பிறகு, ஹெட்போனில், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள்.