சிறிய அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: பாட்டுக் கேட்பதற்கென்றே 10 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறேன். தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்களைக் கடையில் கேட்டபோது மிகவும் பிடித்துவிட்டது. அவற்றுடன் சப்வூஃபரும் (கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) வாங்கலாமா? எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும்?

பதில்: கடையின் கூடம் பெரிது, அங்கே கேட்ட நாதம் உங்கள் அறையிலும் அப்படியே கேட்கும் என்று எண்ண வேண்டாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 முறை அதிரும்) தாழ்ந்த ஒலியின் அரை அலை அச்சாகப் பொருந்திவிடுகிறது. அந்த ஒலி சுவரோரத்தில் வீங்கியும் அறையின் நடுவில் தேய்ந்தும் கேட்கும். உங்கள் அறையில் நீளமும் அகலமும் ஒன்றாகவே இருப்பதால், இரு திசைகளிலும் இதே அதிர்வெண் சேர்ந்துகொண்டு குறையை இன்னும் பெரிதாக்குகிறது. பேஸ் கிட்டாரின் இரண்டாவது தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் எழுவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு முழங்கினால், பழி ஸ்பீக்கருடையதன்று, அறையினுடையது.

ஆகவே, இவ்வறைக்கு 4 அல்லது 5 அங்குல வூஃபர் (கீழ்ஸ்தாயியை ஒலிக்கும் பெரிய கூம்பு) கொண்ட சிறிய ஸ்பீக்கர் இணையே போதும் என்பது என் கருத்து. சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், பின்புறத்தில் காற்றுத் துளை உள்ளவற்றைத் தவிர்த்து, மூடிய பெட்டியாக அமைந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். அறை மூலை வேண்டவே வேண்டாம். அங்கே வைத்தால் கீழ்ஸ்தாயி மிகைப்பட்டுக் குரல் மங்கிப்போகும். இரு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாகவும், ட்வீட்டர் (உயர்ஸ்தாயியை ஒலிக்கும் சிறிய பகுதி) உங்கள் காது மட்டத்திலும் இருக்கட்டும். நாற்காலியை அறையின் நட்டநடுவிலும் போடாமல், பின்சுவரை ஒட்டியும் போடாமல், ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத இந்த வேலை தரும் முன்னேற்றத்தை விலையுயர்ந்த எந்தக் கேபிளும் தராது.

சப்வூஃபரை இப்போதே வாங்காதீர்கள். சில வாரங்கள் கேட்ட பிறகும் கீழ்ஸ்தாயி போதவில்லை என்று தோன்றினால் பார்த்துக்கொள்ளலாம். அப்போது அதை நீங்கள் அமரும் இடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்தபடி எங்கே கீழ்ஸ்தாயி சீராகக் கேட்கிறதோ, அவ்விடத்திலேயே அதை நிலையாக வையுங்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் பலன் உறுதி.

வாட் கணக்கில் மயங்க வேண்டாம். 87 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில், 1 மீட்டர் தொலைவில் அந்த அளவு ஒலியைத் தந்துவிடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான் என்பதால், 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பெரிதாக உணராது. உங்களுக்கு 30 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்) தாராளம். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர வாட்) எண்ணைப் படிக்காமலேயே விட்டுவிடலாம். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்ட ஸ்பீக்கர்களை வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: சுவர் முழுவதும் மெல்லிய ஃபோம் தகடுகள் ஒட்டினால் முழக்கம் அடங்குமா?

பதில்: அடங்காது. மெல்லிய ஃபோம் உயர்ஸ்தாயியை மட்டுமே உறிஞ்சும். சுவர் முழுதும் ஒட்டினால், முழக்கம் அப்படியே இருக்க, பாட்டின் பொலிவு மட்டும் போய்விடும். 56 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டருக்கும் மேல் என்பதால், அதைத் தணிக்க மூலைகளில் தடித்த கண்ணாடிக் கம்பளிப் பொதிகளே வேண்டும். கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். முதலில் அவற்றை வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.