ஊசி இருக்கட்டும், மாதவிலக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: வயது 36. இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயல்கிறோம். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையில் 0.8 என்று வந்ததில் பயந்துபோய், எட்டு மாதமாக அக்குபங்சர் எடுத்துக்கொள்கிறேன். கருமுட்டை வளர இணையத்தில் ஒரு மூலிகைப் பொடியும் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஊசி குத்திய இடம் சில சமயம் கன்றிப்போகிறது, அன்று முழுக்க அசதி. இதனால் கருப்பைக்குப் பாதிப்பு வருமா? மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை, இரவில் வியர்த்து விழிப்பு வருகிறது. உடம்பு சுத்தமாகிறது என்கிறார் சிகிச்சையாளர். இன்னும் ஆறு மாதம் தொடரலாமா?

பதில்: ஆறு மாதமெல்லாம் வேண்டாம் அம்மா. இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஊசியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை, இரவில் வியர்க்கிறது என்று, அதுதான் கவலை.

முதலில் வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களே இதை மறந்துவிடுவது உண்டு. அது இல்லை என்றால், எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்), ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் தேவை. தைராய்டு கோளாறோ புரோலாக்டின் மிகுதியோ காரணமாக இருந்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். எட்டு மாதம் ஊசியோடு காத்திருந்த பிறகு, காரணம் தைராய்டுதான் என்று தெரிந்தால் எரிச்சல் வருமா வராதா?

ஆனால் 36 வயதில் குறைந்த ஏஎம்ஹெச், நின்றுபோன மாதவிலக்கு, இரவு வியர்வை மூன்றும் சேர்ந்து வரும்போது, 40 வயதுக்கு முன்பே சினைப்பை செயல் குறைகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். நான்கு மாதம் மாதவிலக்கு இல்லாமல் எஃப்எஸ்ஹெச் 25-க்கு மேல் இருந்தால் அந்த முடிவுக்கு வருவோம். நான்காவது மாதம் முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இது குழந்தைப்பேறு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. ஈஸ்ட்ரோஜன் இத்தனை சீக்கிரம் குறைந்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும், அதற்கு ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும். அப்படியே அது உறுதியானாலும் கதவு அடைபட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்த நிலையில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இயல்பாகவே கரு தங்குகிறது. மற்ற வழிகளும் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாவற்றிலும் காலம் முக்கியம்.

உடம்பு சுத்தமாகிறதாம்! மாதவிலக்கு நிற்பதற்கு அப்படி ஒரு காரணம் மருத்துவத்தில் கிடையாது.

ஏஎம்ஹெச் எண்ணை மட்டும் வைத்து இணையத்தில் கிளப்பும் பீதியை நம்பாதீர்கள். கருமுட்டை எவ்வளவு மிச்சம் என்பதை அது ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வந்திருந்தால் உங்கள் 0.8-ஐப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

சரி, அக்குபங்சருக்கு வருவோம். 2002-ல் ஜெர்மனியில் 160 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை செய்யும்போது ஊசியும் குத்தியவர்களிடம் கர்ப்பம் அதிகமாகத் தெரிந்தது. இந்த நம்பிக்கை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐவிஎஃப் செய்துகொண்ட 848 பெண்களிடம், பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, பாதிப் பேருக்கு ஊசிபோல் தோன்றும் போலி ஊசி என்று வைத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: குழந்தை பிறந்தது உண்மையான ஊசியில் 18.3 சதவீதம், போலி ஊசியில் 17.8 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 1000 பெண்களிடம் சீனாவில் நடந்த ஆய்வும் இதே கதைதான். அங்கே குழந்தைப் பிறப்பைக் கூட்டியது கருமுட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை, ஊசி இல்லை.

மனதுக்கு நிம்மதி தருகிறது, படபடப்பு குறைகிறது என்றால் தொடருங்கள், நான் தடுக்கவில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கன்றிப்போவதும் அசதியும் சாதாரணம், இரண்டொரு நாளில் போய்விடும். கை கால்களிலும் வயிற்றுத் தோலிலும் மேலாகக் குத்தும் அந்த மெல்லிய ஊசி கருப்பை வரை போகாது.

அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சினைப்பையின் செயலைச் சோதிக்கும் நேரத்தில் பெயர் தெரியாத ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவை நாங்கள் எப்படி நம்புவது? கரு தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டியது ஃபோலிக் அமிலம்தான், தினம் 400 மைக்ரோகிராம்.

அப்புறம், கடிதம் முழுக்கத் தேடினேன், கணவரின் விந்தணுப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண் என்றால், ஆறு மாதம் முயன்றும் பலன் இல்லாதபோதே இருவரையும் சோதிக்க வேண்டும். நீங்கள் இரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டீர்கள்.

மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். கடந்த ஓராண்டில் மாதவிலக்கு வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய அறிக்கைகளோடு அந்தப் பொடி டப்பாவும் பையில் இருக்கட்டும்.