கப்பல் வேலை ஆசை காட்டும் முகவரும் பாய்மரப் பயிற்சியும்

கேள்வி: துபாயில் இருந்தபோது பாய்மரப் படகில் அடிப்படைப் பயிற்சியும், வாடகைப் படகைத் தனியே செலுத்தும் பயிற்சியும் முடித்தேன். அடுத்து உயர்நிலைக் கரையோரப் பயணப் பயிற்சியில் சேர விரும்புகிறேன். தாய்லாந்தில் ஏழு நாளில் முடித்து, கப்பல் வேலையும் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா? – ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: நம்பாதீர்கள். கப்பல் வேலை என்று அவர் சொன்னதுமே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். பாய்மரப் படகை இரவிலும் பகலிலும் கரையை ஒட்டிப் பத்திரமாகச் செலுத்தக் கற்றுத் தருவதுதான் இந்தப் பயிற்சி. வணிகக் கப்பலில் ஏற, மாலுமிகளுக்கான சர்வதேசத் தகுதி விதியான எஸ்.டி.சி.டபிள்யூ. பயிற்சிகளும், மாலுமியின் கடல் பணியைப் பதியும் சி.டி.சி. கையேடும் வேண்டும், அது வேறு பாதை. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். எனும் அரசின் மாலுமி ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அது பணம் வாங்கக் கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் நம் மாவட்டத்தில் நகையை அடகு வைத்து முகவரிடம் கொடுக்கிறார்கள். ஏமாந்தவர் புகார் கொடுக்கப் போனால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. இந்த அலட்சியம்தான் முகவர்களின் முதலீடு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முகவர்கள் அதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள். பிரிட்டனின் படகுப் பயிற்சி அமைப்பான ஆர்.ஒய்.ஏ. நடத்தும் யாட்மாஸ்டர் எனும் உயர்நிலைத் தேர்வில் வென்றவர், வணிக ஒப்புதல் பெற்றால் சிறிய வணிகப் படகுகளில் சம்பளத்துக்கு ஸ்கிப்பராகலாம், அதாவது படகுத் தலைவராகலாம். அந்த ஒப்புதலுக்கு மருத்துவச் சான்று, கடலில் உயிர் காக்கும் பயிற்சி, தொழில் நடைமுறைப் பாடம் மூன்றும் வேண்டும். நீங்கள் கேட்கும் கரையோரப் பயணப் பயிற்சியான கோஸ்டல் ஸ்கிப்பர் வகுப்பை முடித்தாலே இது கிடைத்துவிடாது. யாட்மாஸ்டர் கோஸ்டல் தேர்வுக்குப் போகவே பொதுவாக 30 நாள் கடல் அனுபவம், 800 கடல் மைல், 12 மணி நேர இரவுப் பயணம் காட்ட வேண்டும்; கோஸ்டல் ஸ்கிப்பர் சான்றிதழ் உள்ளவருக்கு நாளும் மைலும் குறையும். தேர்வை நடத்துபவர் உங்கள் ஆசிரியர் அல்லர், தனித் தேர்வாளர். தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

இனி பள்ளி. முகவரை விட்டுவிட்டு, ஆர்.ஒய்.ஏ. அல்லது அமெரிக்காவின் பாய்மரப் பயிற்சி அமைப்பான ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளைத் தேடி நேரடியாக எழுதுங்கள். விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், ஆர்.ஒய்.ஏ. வகுப்பில் ஐவருக்கு மேல் கூடாது. எத்தனை இரவு கடலில் இருப்போம், ஒவ்வொருவரும் எத்தனை முறை ஸ்கிப்பராக நிற்போம், பயணப் பதிவேட்டில் யார் கையெழுத்திடுவார் என்றும் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். கோஸ்டல் ஸ்கிப்பர் வகுப்புக்கு ஐந்து நாள் போதும்தான். ஆனால் அதில் சேருமுன் 15 நாளும் 300 கடல் மைலும் 8 மணி நேர இரவுப் பயணமும் உங்கள் கணக்கில் இருப்பது நல்லது. முகவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பெரும்பாலோர் கேட்க மறக்கும் கேள்வி ஏற்றவற்றம் பற்றியது. நம் கரையில் நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கச்சான் காற்றும் வாடைக் காற்றும் உங்களுக்குப் பழக்கம். பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். நீர் மட்டம் பல மீட்டர் மாறும் துறைமுகத்தில் படகைக் கட்டுவது அப்படியன்று. ஆர்.ஒய்.ஏ. சான்றிதழிலேயே ஏற்றவற்றமுள்ள நீரில் பயின்றவரா இல்லையா என்று குறிப்பார்கள். மத்தியதரைக் கடலில் கட்டணம் குறைவு என்று போனால் ஏற்றவற்றமுள்ள நீரில் பயின்றவர் என்ற குறிப்பு பெரும்பாலும் கிடைக்காது. புக்கெட் பக்கம் ஏற்றவற்றம் நன்றாக உண்டு. தாய்லாந்து என்பதற்காக ஒதுக்க வேண்டாம், அங்குள்ள பள்ளிக்கு நீங்களே எழுதுங்கள்.

நம் மாவட்டத்துப் பிரப்பன்வலசையில் துடுப்புப் படகான கயாக்கும், காற்றாடி இழுக்க அலைமேல் சறுக்குவதும் பழகலாம். அவை இந்தப் பயிற்சிக்கு ஈடாகா. தொண்டியில் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் ஊர்க்காரர்களுக்கு, இரவில் கடலோடப் பயிற்சி தரும் ஒரு முறையான பள்ளியை அரசு எப்போதோ அமைத்திருக்கலாம்.

முகவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்தில் ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.