பழைய விண்டோஸ், புது யூ.எஸ்.பி.: வாங்குவதற்கு முன் சில கேள்விகள்

பழைய கம்ப்யூட்டரில் புதுச் சாமானைச் செருகினால் வேலை செய்வதில்லை என்று பெங்களூரு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: பீன்யாவில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். சி.என்.சி. லேத்துக்கு (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின்) புரோகிராம் அனுப்புவது ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். அதன் சீரியல் போர்ட் (லேத்தின் ஒயரைச் செருகும் பழைய வகைத் துளை) போய்விட்டது. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் யூ.எஸ்.பி.-சீரியல் கேபிள் ஒன்று வாங்கி மாட்டினால் டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரின் சாதனங்களைப் பட்டியலிடும் திரை) மஞ்சள் ஆச்சரியக்குறிதான் வருகிறது. கூடவே வாங்கிய 128 ஜி.பி. பென் டிரைவையும் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. கடைக்காரரோ, "இதைத் தூக்கிப் போட்டுட்டு புது சிஸ்டம் வாங்குங்க சார்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். லேத்தும் ஓடுகிறது, அதற்குப் புரோகிராம் அனுப்பும் மென்பொருளும் எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடுகிறது என்றால், புது கம்ப்யூட்டர் வாங்கிய பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கும். புது டெஸ்க்டாப்களில் சீரியல் போர்ட் பெரும்பாலும் இருக்காது. அங்கேயும் இதே கேபிளைத்தான் மாட்ட வேண்டியிருக்கும். பழைய மென்பொருள் விண்டோஸ் 11-இல் ஓடுமா என்கிற தலைவலி தனி.

சுலபமானதை முதலில் பார்த்துவிடலாம். உங்கள் பென் டிரைவ் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. இந்த அளவு பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டுத்தான் கடைக்கு வருகின்றன. எக்ஸ்பி வந்தது 2001-இல். எக்ஸ்ஃபேட்டைப் படிக்க வைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2009-இல்தான் கொடுத்தது. அது இல்லாத கம்ப்யூட்டரில் செருகினால், "டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். உள்ளே ஃபைல் ஏதாவது இருந்தால் 'நோ' கொடுங்கள். 'யெஸ்' கொடுத்துவிட்டு அப்புறம் டேட்டா ரெக்கவரி கடைக்கு அலைகிறவர்கள் நிறைய. உள்ளே இருப்பதை வேறொரு கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொண்டு, அங்கேயே பென் டிரைவை என்.டி.எஃப்.எஸ். என்ற இன்னொரு முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் எக்ஸ்பி மறுபேச்சில்லாமல் படிக்கும். லேத்திலேயே யூ.எஸ்.பி. துளை இருந்து அதில் நேராகச் செருகுவதாக இருந்தால் மட்டும் ஃபேட்32 என்ற முறை வேண்டும், அதுவும் சின்ன பார்ட்டிஷனாக (டிரைவின் ஒரு பகுதியாக). உண்மையில் லேத் புரோகிராம் என்பது வெறும் எழுத்து. சில கே.பி.க்கு மேல் போவதே அபூர்வம். அதற்கு 128 ஜி.பி. எதற்கு? கடையில் கிடைக்கிற ஆகச் சின்ன பென் டிரைவே போதும், அதில் இந்தச் சிக்கலும் பெரும்பாலும் வராது.

இனி கேபிள். எஸ்.பி. ரோட்டில் நின்று "எக்ஸ்பியில் வேலை செய்யுமா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் "செய்யும்" என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது, "உள்ளே என்ன சிப்?" என்று. கேபிளின் தடித்த தலைக்குள் இருக்கும் அந்தச் சிப்புக்குத்தான் டிரைவர் (சாதனத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பிராண்டுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

உங்களிடம் இருப்பது எது என்று இப்போதே பார்த்துவிடலாம். டிவைஸ் மேனேஜரில் அந்த ஆச்சரியக்குறி போட்ட வரியை இரண்டு முறை சொடுக்கி, 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் ஹார்டுவேர் ஐ.டி.யைப் பாருங்கள். வி.ஐ.டி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 0403 என்றிருந்தால் எஃப்.டி.டி.ஐ. என்ற நிறுவனத்தின் சிப். 067பி என்றால் ப்ராலிஃபிக் நிறுவனத்துடையது. 1ஏ86 என்றால் சி.எச்.340 வகை. சி.எச்.340-க்கு அதைத் தயாரிக்கும் சீன நிறுவனமே எக்ஸ்பிக்கும் சேர்த்து டிரைவர் தருகிறது. எஃப்.டி.டி.ஐ.க்கு எக்ஸ்பிக்கான பழைய பதிப்பு தனியாக இருக்கிறது, புதுசை இறக்கினால் ஏறாது. ப்ராலிஃபிக்கில்தான் வம்பு. அந்தப் பெயரில் போலி சிப் சந்தையில் ஏராளம். போலி என்று தெரிந்தால் நிறுவனத்தின் புது டிரைவர்கள் வேலை செய்ய மறுத்துவிடும், "சாதனத்தைத் தொடங்க முடியவில்லை" என்று பிழை எண் 10 (Code 10) காட்டும். போலியை மடக்குவதில் எஃப்.டி.டி.ஐ.யும் சளைத்ததில்லை. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலி சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கிவிட்டது. போலியைத் தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் கேபிளை மாற்றி வாங்குவதாக இருந்தால், விலை கூடினாலும் நம்பகமான விற்பனையாளரிடம் அசல் எஃப்.டி.டி.ஐ. வாங்குங்கள். பட்டறையில் ஒருநாள் மெஷின் நின்றால் ஆகும் நஷ்டத்தோடு பார்த்தால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

டிரைவர் ஏறிய பிறகும் லேத்துக்குப் புரோகிராம் போகவில்லையா? போர்ட் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் புது கேபிளுக்கு காம் 7 (COM7), காம் 12 என்று கையில் கிடைத்த எண்ணைக் கொடுத்துவிடும். பழைய மென்பொருள்கள் பலவற்றுக்கு காம் 1 முதல் 4 வரைதான் கண்ணுக்குத் தெரியும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் 'போர்ட் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு' போய் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பாட் ரேட் (அனுப்பும் வேகம்), பாரிட்டி (பிழை சரிபார்ப்பு) எல்லாம் லேத்தின் கன்ட்ரோலரில் இருப்பது போலவே இங்கேயும் இருக்க வேண்டும். நீளமான புரோகிராம் பாதியில் நின்றுபோனால் ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் 'நிறுத்து, அனுப்பு' என்று சொல்லிக்கொள்வது) அமைப்பைப் பாருங்கள். லேத் பக்கம் போகும் பழைய ஒயரை மட்டும் மாற்றாதீர்கள், அதன் உள் இணைப்பு அந்த மெஷினுக்கென்றே போட்டதாக இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம்: உங்கள் மதர்போர்டில் பி.சி.ஐ. ஸ்லாட் (கூடுதல் கார்டு செருகும் இடம்) காலியாக இருந்தால் யூ.எஸ்.பி. கேபிளே வேண்டாம். எக்ஸ்பி டிரைவரோடு வரும் பி.சி.ஐ. சீரியல் கார்டு ஒன்றை மாட்டிவிடுங்கள். யூ.எஸ்.பி. கேபிளை யாராவது பிடுங்கி வேறு துளையில் செருகினால் போர்ட் எண் மாறிப்போவது போன்ற கூத்தெல்லாம் கார்டில் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. டிரைவரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள். அந்தப் பென் டிரைவை வைரஸ் ஸ்கேன் செய்த பிறகே செருகுங்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வேண்டாம்.

கேள்வி: ராஜாஜிநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். டிஜிட்டல் கையெழுத்துக்கான யூ.எஸ்.பி. டோக்கனைப் புதுப்பித்து வாங்கினோம். விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் செருகினால் லைட் எரிகிறது, ஆனால் போர்ட்டலில் கையெழுத்து விழவில்லை. டோக்கனை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். செருகியதும் 'கம்ப்யூட்டர்' பக்கம் போய்ப் பாருங்கள். பல டோக்கன்கள் முதலில் ஒரு சி.டி. டிரைவ் மாதிரி காட்சி தரும், டோக்கனின் மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கும். அதை நிறுவிவிட்டு, டோக்கனின் சொந்த மேனேஜரைத் திறந்து பின் எண்ணைக் கொடுங்கள். உங்கள் சான்றிதழ் அங்கே தெரிந்தால் டோக்கனில் கோளாறு இல்லை, மாற்றிக் கேட்டும் பயனில்லை. அப்புறம் சந்தேகப்பட வேண்டியது பிரவுசரை. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109, அது 2023-இன் தொடக்கம். போர்ட்டல்களும் அவற்றின் கையெழுத்துச் செயலிகளும் அதைத் தாண்டி எங்கோ போய்விட்டன.

விண்டோஸ் 10-க்கும் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் விண்டோஸ் 11 முறையாக ஏறும் மெஷினாகப் பார்த்து ஒன்று வாங்கி, கையெழுத்து வேலையை அதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் ஆடிட்டரிடம். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கெல்லாம் கிடக்கிற இடத்தில் விண்டோஸ் 7-ஐ நெட்டில் விட்டுவைப்பது சரியில்லை.

கேள்வி: விண்டோஸ் 7-இல் புது பிரின்டரின் டிரைவரை ஏற்றினால், டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பிழை எண் 52 (Code 52) வருகிறது. பிரின்டர் போலியா?

பதில்: போலி இல்லை. புது டிரைவர்களில் ஷா-2 என்ற முறையில் கையொப்பம் இடுகிறார்கள். அப்டேட் செய்யாமல் விட்ட விண்டோஸ் 7-க்கு அது புரியாது. சர்வீஸ் பேக் 1 (மைக்ரோசாஃப்ட் கொடுத்த அப்டேட் தொகுப்பு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகில் கே.பி.4474419 என்று தேடி நிறுவுங்கள். "எல்லா டிரைவரையும் நாங்களே தேடித் தருகிறோம்" என்று காசு கேட்கும் 'டிரைவர் அப்டேட்டர்' பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: அல்சூரில் இருக்கிறேன், ரிட்டயர்டு. என் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இருக்கும் குடும்பப் போட்டோக்களைப் பத்திரப்படுத்த 4 டி.பி. ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்று பையன் சொல்கிறான். சரிதானா?

பதில்: பையன் சொல்வது எண்ணத்தில் சரி, அளவில் தப்பு. 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்குகளைப் பெரும்பாலும் ஜி.பி.டி. என்ற முறையில் பிரிக்கிறார்கள். சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு அதைத் திறக்கத் தெரியாது. 1 டி.பி. வாங்கி, பையனின் லேப்டாப்பில் எம்.பி.ஆர். என்ற பழைய முறைக்கு மாற்றி என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மாற்றும்போது டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் வாங்கிய உடனே செய்துவிட வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் யூ.எஸ்.பி. 2.0தான் இருக்கும், நகல் எடுக்க நேரமாகும், அவ்வளவுதான். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு சுழலாமல் நின்றால் முன்பக்கத் துளைக்கு மின்சாரம் பற்றவில்லை என்று சந்தேகப்படுங்கள், கேபினெட்டின் பின்பக்கத் துளையில் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: கீபோர்டு, மவுஸ், வெப் கேமரா, ஹெட்செட் வாங்கவும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

பதில்: கீபோர்டு, மவுஸுக்கு வேண்டாம். கேமரா வாங்கினால் டப்பாவில் யூ.வி.சி. (யூ.எஸ்.பி. கேமராக்களுக்கான பொதுத் தரம்) என்று இருக்கிறதா பாருங்கள், சர்வீஸ் பேக் 2 போட்ட எக்ஸ்பியிலிருந்தே அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள் இருக்கிறது. சாதாரண யூ.எஸ்.பி. ஹெட்செட்டும் அப்படித்தான். இசைப் பதிவுக்கான விலை உயர்ந்த ஆடியோ பெட்டிகள் மட்டும் வேறு ரகம், டிரைவர் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: டப்பாவில் 'விண்டோஸ் எக்ஸ்பி, 7, 10' என்று அச்சிட்ட வைஃபை டாங்கிள் ஒன்றை என் எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு வாங்கினேன். கூட வந்த குட்டி சி.டி.யில் விண்டோஸ் 10 டிரைவர் மட்டுமே இருக்கிறது. கடைக்காரர், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். பணம் போனது போனதுதானா?

பதில்: அந்த வரி சட்டத்துக்கு முன்னால் நிற்காது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பவர் சொல்லிக்கொண்ட தரத்துக்குப் பொருள் குறைந்தாலும் அது குறைபாடுதான். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. டப்பாவில் எக்ஸ்பி என்று அச்சிட்டிருப்பதுதான் உங்கள் சாட்சி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் சிப்பின் ஐ.டி.யைப் பார்த்து எக்ஸ்பி டிரைவர் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சண்டை மிச்சம். ரவுட்டர் டபிள்யூ.பி.ஏ.3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை) மட்டும் என்று அமைந்திருந்தால் டிரைவர் ஏறினாலும் எக்ஸ்பி அதில் சேராது, சர்வீஸ் பேக் 3-க்கு டபிள்யூ.பி.ஏ.2 வரைதான் தெரியும். அதோடு, முதல் பதிலில் சொன்ன பாதுகாப்புக் கவலை உங்கள் கம்ப்யூட்டருக்கும் உண்டு.

கிடைக்கவில்லை என்றால் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதிவாக இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் தாண்டிப் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பீன்யா வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வியாபாரத்துக்கென்று வாங்கியவர் பொதுவாக இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு.

டப்பாவில் 'விண்டோஸ் 10, 11' என்று மட்டும் இருந்து, கடைக்காரர் வாயால் "எக்ஸ்பியிலும் ஓடும்" என்று சொன்னால் அதை பில்லிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுக்கத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போகலாம்.